யாருக்கு என்று கேட்ட அண்ணி

"அண்ணி, உங்க பாஷைல எதுனா சொல்லுங்களேன்" என்று அவர் வந்த முதல் நாளே கேட்டேன். வெளியூர் ஆள் வீட்டுக்கு வந்தால் எல்லோரும் கேட்பதுதானே. அண்ணி சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். கோபமில்லை, கூச்சமுமில்லை. "யாருக்கு?" என்று கேட்டார்.

"சும்மாதான் அண்ணி."

"சும்மா சொல்ல வராது."

அவ்வளவுதான் பேச்சு. முதல் நாளே மூக்குடைபட்டதில் எனக்குக் கொஞ்சம் முகம் சுண்டிப்போனது. அப்புறம் பார்த்தால் என்னை மட்டுமில்லை, கேட்ட எல்லோரையும் அவர் அப்படித்தான் திருப்பிக் கேட்டார். இன்று அண்ணியை நினைத்தால் அவருடைய முகத்துக்கு முன்னால் அந்த "யாருக்கு?"தான் வந்து நிற்கிறது.

எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது. அண்ணன் படகு இன்ஜின் வேலை படித்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனான். அந்த நாட்டின் மேற்குக் கரையில் ஒரு துறைமுகப் பட்டறையில் வேலை. அங்கேயே பழகி அங்கேயே கல்யாணம். அண்ணி நூங்கார் இனத்தவர். அந்தத் தென்மேற்கு மூலையில் வெள்ளைக்காரர்கள் கப்பலில் வந்து இறங்குவதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே வாழ்கிறவர்கள். அவர்களுடைய மொழிக்கும் அதே பேர்தான்.

இதெல்லாம் எங்கள் தெருவுக்கு எப்படித் தெரியும்? ஆஸ்திரேலியா மருமகள் என்றதும் வெள்ளைக்காரி வரப்போகிறாள் என்று தெருவே வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தது. காரிலிருந்து நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முந்தைய வயிற்றோடு இறங்கியவர் எங்கள் நிறம். எதிர் வீட்டு அக்கா அம்மாவின் காதில், "ஆஸ்திரேலியான்னு சொன்ன, நம்ம கடப்பாக்கத்துப் பொண்ணு மாதிரி கீது?" என்றாள். அவளுக்குக் காதில் சொல்வது என்றாலும் கடற்கரைக் குரல்தான். அண்ணன் கற்றுக்கொடுத்திருந்த தமிழில் அது அண்ணிக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. "கடப்பாக்கம் எங்க கீது? போவலாமா?" என்று கேட்டார். தெரு அன்றைக்கே அவரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது.

தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். அண்ணிக்குத் தாய் இல்லை. வயிற்றில் பிள்ளை தங்கிய சமயத்தில்தான் அவருடைய அம்மா இறந்துபோனார். செய்தி கேட்ட அன்றே என் அம்மா ஃபோனில் அண்ணனிடம் சொல்லிவிட்டாள்: "அம்மா இல்லாத பொண்ணுடா அது. இங்க இட்டுக்கினு வா. நான் கீறேன்." அப்பா போனதிலிருந்து வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். அப்படித்தான் அண்ணி எங்களிடம் வந்தார்.

வந்த மறுநாள் காலையில் கடலுக்குப் போகவேண்டும் என்றார். எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். நானும் அம்மாவும் கூடப் போனோம். அண்ணி ஈரமணலுக்குச் சற்று முன்பே நின்றுவிட்டார். குனிந்து ஒரு பிடி மணல் எடுத்தார். அதை அக்குளில் வைத்துத் தேய்த்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் சிரித்தான். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மணலைக் கடலில் வீசிவிட்டு, "காயா" என்று தொடங்கித் தன் மொழியில் மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு வாசலில் நின்று, நான் இன்னாரின் மகள், உள்ளே வரலாமா என்று கேட்பது போன்ற குரல். சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அதன் பிறகுதான் காலை நனைத்தார்.

நான் பிறந்ததிலிருந்து அந்தக் கடலில் குளிக்கிறேன். ஒரு நாள்கூட அதனிடம் வந்திருக்கிறேன் என்று சொன்னதில்லை. 

"இன்னா அண்ணி அது?" என்று கேட்டேன்.

"என் வேர்வ வாசன மண்ணுல போச்சா? மண்ணு தண்ணிக்குப் போச்சா? இப்ப அதுக்கு நான் யாருன்னு தெரியும்" என்றார். 'காயா' என்றால் வணக்கம் மாதிரியாம். சிரித்தவனைப் பார்த்து அம்மா, "நீ கூடத்தான் போட்ல ஏறும்போது தண்ணியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினு போற. அப்ப யாராச்சும் சிரிச்சாங்களா?" என்று ஒரு போடு போட்டாள்.

திரும்பி வரும்போது அண்ணி வயிற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னார், "எனக்கு ஒரே ஒரு பயந்தான். இந்தப் புள்ள இங்க பொறக்கும். இந்த எடத்துக்கு அது யாருன்னு தெரியாது. எங்க ஊர்ல அம்மாவோட அம்மா ஆத்தாங்கரைக்குத் தூக்கிக்கினு போய்ச் சொல்லும், இது நம்ம புள்ளன்னு. அதான் அதோட வேல. இப்ப யார் சொல்லுவாங்க?" நான் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தேன். அந்தப் பேச்சு அம்மா மனதில் தைத்துவிட்டது என்று பின்னால் தெரிந்தது.

அணுபுரத்தில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்கு அண்ணியைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். சால்வை போட்டார்கள், ரோஜாப்பூ கொடுத்தார்கள், பிறகு மைக்கைக் கையில் கொடுத்து உங்கள் தாய்மொழியில் சில வார்த்தைகள் என்றார்கள். நான் நினைத்தபடியே அண்ணி மைக்கில் "யாருக்கு?" என்று கேட்டார். கூடம் சிரித்தது. "எல்லாருக்கும்தான் மேடம்" என்றார் தொகுத்து வழங்கிய டீச்சர். அண்ணி மைக்கை அவரிடமே கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார். முன்வரிசையில் பட்டாம்பூச்சி வேஷம் போட்ட சின்னப் பெண் ஒன்று, ஒரு இறக்கை ஒடிந்துபோய்த் தேம்பிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் தன் பெரிய வயிற்றோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டது. அழுகை நின்றது. கூடத்தில் வேறு ஒருவர் காதிலும் ஒரு எழுத்துக்கூட விழவில்லை. விழா நடத்தியவர்களுக்கு அது ஏமாற்றம்தான். நான் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அவர் தந்தது ஒரு வார்த்தை. அப்போது நான் செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தேன். ஒரு சாயங்காலம் திருக்கழுக்குன்றம் தாண்டியும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றே வந்து, கால் கொழுக்கட்டையாக வீங்கி, வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். அண்ணி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டி, "ஜூக்" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "தங்கச்சின்னு அர்த்தம். இது உனக்கு" என்றார். பரிசுப்பொருளை வாங்கிக்கொண்டவள் மாதிரி எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் துணிந்து கேட்டேன், ஏன் அண்ணி இவ்வளவு கணக்குப் பார்க்கிறீர்கள் என்று. அவர் சொன்ன கதை சின்னது. அவருடைய அம்மாவைச் சிறுமியாக இருக்கும்போதே அரசாங்கத்து ஆட்கள் வீட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் ஒரு விடுதியில் போட்டார்கள். அங்கே தன் மொழியைப் பேசினால் அடி. பெரியவளாகி வெளியே வந்தபோது அந்த அம்மாவின் வாயில் மிஞ்சியிருந்தது ஒரு கைப்பிடிச் சொற்கள். அவற்றையும் கதவைச் சாத்திவிட்டுத்தான் மகளிடம் சொல்வார். மற்ற சொற்களை அண்ணி வளர்ந்தபிறகு மாலை வகுப்பில் போய்ப் படித்தார். இப்போது அங்கே பள்ளிப் பிள்ளைகளே அந்த மொழியில் பாடுகிறார்களாம்.

"எங்கம்மா அந்தப் பேச்ச அடி வாங்கிக்கினு வச்சிருந்தாங்க. சும்மா எறியக் கூடாது. யாருக்குன்னு பாத்துக் குடுக்கணும்" என்றார். எங்கம்மா, எங்கம்மா என்றுதான் சொன்னார். பேரைச் சொல்லவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பிரசவத்துக்கு முன் கடைசியாக அவரை மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போனேன். அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன்னால் கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கைடு யானையைக் காட்டினார், தவம் செய்யும் பூனையைக் காட்டினார். அண்ணி எதையும் பார்க்கவில்லை. பாறையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு இருக்கிறதே, அதில் நாகங்கள் கைகூப்பியபடி இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் மேலே தண்ணீர் தேக்கி அந்த வழியாக விட்டிருப்பார்கள் என்று கைடு சொன்னதும் அண்ணியின் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. காலடியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, பாறை இருந்த திசையில் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "காயா" என்றார். அப்புறம் சத்தமே வராமல் உதடு மட்டும் அசைந்தது.

"மேடம் இன்னா சொல்றாங்க?" என்று கைடு கேட்டார்.

நான் அண்ணியைக் கேட்டுச் சொன்னேன். அவர்கள் ஊரில் ஆறுகளை உண்டாக்கியது ஒரு பெரிய பாம்பு. வாகல் என்று பேர். தண்ணீர் இருக்கும் இடத்தில் அது இருக்கும். இங்கேயும் இருக்கிறது என்று தெரியாமல் சும்மா நடந்து வந்துவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டாராம்.

கைடு கொஞ்ச நேரம் பாறையைப் பார்த்தார். தினமும் பார்க்கிற பாறை. "அப்ப நம்ம நாகத்துக்குச் சொந்தம்தான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தார். நானும் கழற்றினேன். பக்கத்தில் செல்ஃபி எடுத்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அம்மா குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டும்போது அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். எங்க ஊர்லயும் புகை போடுவோம், புகைக்குள்ள போனா கெட்டது ஒட்டாது என்பார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. "அம்மா செத்து வருஷம் திரும்பல, ஒரு போட்டோ மாட்டல, ஒரு வெளக்கு ஏத்தல. வாய்விட்டு ஒரு தரம் பேரச் சொல்லி அழல. மனசுக்குள்ளயே வச்சிக்கினு கீது" என்று என்னிடம் புலம்பினாள். வெளிநாட்டில் போட்டோவுக்கு மாலை போடும் பழக்கம் இல்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். அம்மா வேறு ஒன்றை நினைத்திருக்கிறாள்.

தொட்டில் போட்டுப் பேர் வைக்கும் நாள் காலையில் தெருமுனையில் பேனர் நின்றது. புதுப்பட்டினத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் சித்தப்பா மகன் இரண்டு சவுக்குக் கழியில் கட்டி நிறுத்தியிருந்தான். எங்கள் பக்கம் காதுகுத்துக்கும் பேனர், கண்ணீர் அஞ்சலிக்கும் பேனர். இதில் ஆள் உயரத்துக்கு அண்ணியின் அம்மா. அண்ணனின் கல்யாணப் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கீழே கொட்டை எழுத்தில் தமிழில் அவர் பேரைப் போட்டிருந்தான். பேத்தியை வாழ்த்த வருக என்று அதற்கும் கீழே. அம்மா யாரிடமும் சொல்லாமல் செய்த ஏற்பாடு. எல்லோருக்கும் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டுமாம்.

அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தவன் அதைப் பார்த்து வெலவெலத்துப் போனான். "அம்மா, யாரு இத வைக்கச் சொன்னது? அவங்க சனங்கள்ல செத்தவங்க பேர வாய்ல எடுக்க மாட்டாங்க. படத்தக் கூடப் பாக்க மாட்டாங்க. கூப்பிட்டா போற வழில நின்னு திரும்பி வந்துடுவாங்க, நிம்மதியாப் போவ முடியாதுன்னு சொல்லுவாங்கம்மா."

"இத ஏன்டா நீ எனக்கு முன்னயே சொல்லல?"

"அவ துக்கத்தக் கெளற வேணாம்னு வுட்டுட்டேன்."

அம்மாவின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. சித்தப்பா மகன் பேனரைக் கட்டிய கம்பியை வெட்டக் கட்டிங் பிளேயர் தேடி ஓடினான். அதுவரை பொறுக்க அம்மாவால் முடியவில்லை. கொடியில் காய்ந்த தன் புடவையை உருவிக்கொண்டு, பந்திக்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி, அந்தப் படத்தின் மேல் போர்த்தப் பார்த்தாள். கை எட்டவில்லை. காற்றில் புடவை பறந்தது. ஒரு கண்ணும் பாதி நெற்றியும் மூடின, அவ்வளவுதான். அந்தச் சமயத்தில்தான் அண்ணி குழந்தையோடு வெளியே வந்தார்.

அண்ணி ஒரு கணம் பார்த்தார். உடனே பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனார். குழந்தையின் முகத்தை மார்போடு அணைத்துத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்குள் போய்விடுவார், மூட்டை கட்டிவிடுவார், இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்றெல்லாம் எனக்கு ஓடியது. அவர் தரையைப் பார்த்தபடியே நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார்.

"அத்த, யாருக்கு இது?"

எல்லோரையும் கேட்ட அதே கேள்வி. அம்மா நாற்காலியிலேயே நின்றுகொண்டு அழுதாள். "உங்கம்மாவுக்குதான் கண்ணு. ஊருக்குக் காட்ட வைக்கல. இது நம்ம புள்ளன்னு யார் சொல்லுவாங்கன்னு அன்னிக்குக் கேட்டியே. அவங்களுக்குத் தெரியணும்ல, வரணும்லன்னு வச்சேன். எனக்கு இதெல்லாம் தெரியாது தாயே."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து நாற்காலியிலிருந்து இறக்கினார்.

"கூப்ட்டுட்டீங்க. வந்துட்டாங்க" என்றார். "வந்தவங்கள சும்மா நிக்க வைக்கக் கூடாது. அவங்க வேலைய முடிச்சிட்டுப் போவட்டும். சாம்பிராணி எடுத்துக்கினு வாங்க."

கடலுக்குப் போனோம். முன்னால் அண்ணி, கையில் குழந்தை. பக்கத்தில் அம்மா, கையில் சாம்பிராணித் தூபக்கால். பின்னால் பேர் வைக்க வந்த மொத்தச் சனமும். ஈரமணலுக்கு முன்னால் நின்று அண்ணி அம்மாவிடம் கேட்டார்:

"அத்த, உங்க பேரு இன்னா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் அவருக்குத் தெரியாது. தெரிய வழியில்லை. அண்ணன் பேர் சேகர். அவன் பிறந்த நாளிலிருந்து அம்மா எல்லோருக்கும் சேகரம்மாதான். அவள் பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. அம்மாவுக்கு அந்த அழுகையிலும் வெட்கம் வந்துவிட்டது. "கன்னியம்மா" என்றாள், யாருக்கும் கேட்காத மாதிரி.

அண்ணி ஒரு பிடி மணலை எடுத்துத் தன் அக்குளில் தேய்த்தார். பிறகு அம்மாவின் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். குழந்தையின் பிஞ்சுக் காலில் தொட்டார். கடலில் வீசினார். பிறகு பேசினார். அந்தக் கரையில் அவர் தன் மொழியை அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அன்று மட்டும்தான். குரல் ஏறியது, இறங்கியது, ஒரு இடத்தில் உடைந்தது, மறுபடி எழுந்தது. எங்கள் யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை. நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் தெரிந்தது. கன்னியம்மா. அந்தப் பேர் வந்தபோது அம்மா தன்னை அறியாமல் "இங்கதான் கீறேன்" என்று பதில் சொன்னாள். நான் கோயிலில்கூட அப்படி நின்றதில்லை.

முடிந்ததும் அண்ணி குழந்தையைச் சாம்பிராணிப் புகைக்குக் குறுக்கே ஒரு முறை கொண்டுபோனார். தானும் புகைக்குள் நின்றார். "போயிட்டாங்க" என்றார். நாங்கள் திரும்பி வந்தபோது பேனர் கழற்றிச் சுருட்டப்பட்டிருந்தது. அத்தை என்ற முறையில் நான்தான் குழந்தையின் காதில் பேரைச் சொன்னேன். இரண்டு பாட்டிகளின் பேருமில்லை, அண்ணி அன்று காலையில் யோசித்துச் சொன்ன வேறு பேர்.

குழந்தை தவழத் தொடங்கியபோது அவர்கள் ஊருக்குப் போனார்கள். அதன் பிறகு விடுமுறைகளில் வருவார்கள். ஒவ்வொரு தடவையும் முதல் வேலை கடல், ஒரு பிடி மணல். இப்போது வலைக்காரர்கள் சிரிப்பதில்லை. வெளியூர் ஆட்கள் சிரித்தால் இவர்கள் முறைக்கிறார்கள்.

அண்ணிக்கு நோய் என்று அண்ணன் சொன்னதும் ஆள் போனதும் அடுத்தடுத்து நடந்துவிட்டது. விசா எடுக்கக்கூட அவகாசம் இல்லை. சித்தப்பா மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "பெரியம்மா, அண்ணிக்குத் தெருமுனைல ஒண்ணு வச்சிடட்டுமா?" என்று கேட்டான். அவனுக்கு வேறு விதமாகத் துக்கம் காட்டத் தெரியாது.

"வேணாம் நைனா" என்றாள் அம்மா. "படமும் வேணாம், பேரும் வேணாம். போற வழில நிறுத்தக் கூடாது."

ஒப்பாரி வைக்க வந்த பெண்களிடமும் அதையே சொன்னாள். அழுங்க, பேர மட்டும் எடுக்காதீங்க என்றாள். எங்கள் தெருவில் சாவு என்றால் பக்கத்துக் குப்பம்வரை கேட்கும். அன்றைக்குப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். இந்தக் கதையில் நான் அண்ணியின் பேரை எழுதாததும் அதனால்தான்.

அடுத்த விடுமுறைக்கு அண்ணன் மகளை அழைத்துக்கொண்டு வந்தான். பெண் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். வந்ததும் பையைப் போட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக் கடலுக்கு இழுத்தாள். நானும் போனேன். ஈரமணலுக்கு முன்னால் நின்றாள். மணலை எடுத்தாள், அக்குளில் தேய்த்தாள், வீசினாள். "காயா" என்று ஆரம்பித்து அவளுடைய அம்மாவின் மொழியில் கணீரென்று சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் எனக்குத் தெரிந்த ஒரு பேர் கேட்டது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா கண்ணு சொன்ன?" என்று கேட்டாள்.

"வந்துட்டேன்னு சொன்னேன் ஆயா. யார் வூட்டுப் பொண்ணுன்னு சொல்லணும்ல? அம்மா பேரு இப்ப சொல்லக் கூடாது. அதான் கன்னியம்மா வூட்டுப் பொண்ணுன்னு சொன்னேன்."

அம்மா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தமா சொன்னியா கண்ணு?"

"சொன்னேன் ஆயா."

"அப்ப கேட்டிருக்கும்" என்றாள்.